வலி நிபுணரிடம் முதல்முறை போறீங்களா? என்ன கேட்பாங்க, என்ன கொண்டு போகணும்? ஆரணி நெசவாளர்களுக்கான முழு விளக்கம்

ஆரணியில் தறி ஓடும் வீடுகளில் இடுப்பு வலியும் கழுத்து வலியும் யாருக்கும் புதுசு இல்லை. வலி வந்தால் முதலில் தைலம். அடுத்து மெடிக்கல் ஷாப்பில் "ரெண்டு வலி மாத்திரை குடுங்க அண்ணா". அதுவும் கேட்காமல் போனால் ஒரு ஊசி. இப்படியே வருஷக்கணக்கில் போகும். ஒரு கட்டத்தில் டாக்டர் ஒருவர், "நீங்க பெயின் கிளினிக்குக்குப் போய்ப் பாருங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுப்பார்.

அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கும். பெயின் கிளினிக் என்றால் என்ன? போனதும் முதுகில் ஊசி போட்டுவிடுவார்களா? ஆபரேஷன் என்று சொல்வார்களா? தறியை விடச் சொல்வார்களா? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போவது வீணாகிவிடுமா? முதல்முறை போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

வலி நிபுணர் என்பவர் யார்?

வலியையே தனியாக எடுத்துச் சிகிச்சை தரும் டாக்டர்தான் வலி நிபுணர். இவர்களில் பலர் மயக்கவியல் படித்தவர்கள். அதாவது ஆபரேஷன் நேரத்தில் மயக்க மருந்து கொடுக்கும் துறையிலிருந்து வந்தவர்கள். எந்த நரம்பு எங்கே ஓடுகிறது, எந்த மருந்து எவ்வளவு நேரம் வலியை நிறுத்தும் என்பது அவர்களின் அன்றாட வேலை. உடலியக்க மறுவாழ்வு மருத்துவம், எலும்பியல், நரம்பியல் படித்து இந்தத் துறைக்கு வந்தவர்களும் உண்டு.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் ஜான் பொனிக்கா. இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த மயக்கவியல் டாக்டர். படிப்புச் செலவுக்காக மல்யுத்தம் ஆடியவர், அதில் பட்ட அடிகளால் வாழ்நாள் முழுக்க வலியோடு இருந்தவர். ஒரே டாக்டரால் நாள்பட்ட வலியைச் சமாளிக்க முடியாது, பல துறையினர் சேர்ந்து பார்க்கணும் என்பது அவருடைய கொள்கை. 1953-ல் வலி சிகிச்சை பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். 1973-ல் வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் உருவாக முக்கிய காரணமாக இருந்தார். இந்தியாவில் இதற்கான சங்கம் 1984-ல் தொடங்கப்பட்டது.

3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி, அல்லது விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வரும் வலிதான் நாள்பட்ட வலி. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனிக் குறியீடே இருக்கிறது. "வயசானா வலிக்கத்தான் செய்யும்" என்று ஒதுக்கிவிட வேண்டிய விஷயம் இல்லை இது.

தறியில் உட்காருபவருக்கு ஏன் வலிக்கிறது?

ஆரணி பட்டு புவிசார் குறியீடு பெற்றது. அந்தச் சேலை பெரும்பாலும் குழித்தறியில் உருவாகிறது. நெசவாளர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்கிறார். ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்கிறது. இன்னொரு கை பலகையை அடிக்கிறது. கண் பாவின் மேலேயே இருக்கிறது. ஒரு இழை அறுந்தால் கூடத் தெரியணும் என்பதால் தலை குனிந்தே இருக்கும்.

இதில் வலிக்கான காரணங்கள் பல:

• முதுகுக்குச் சாய்மானம் கிடையாது. முன்பக்கம் வளைந்து மணிக்கணக்கில் உட்காரும்போது இடுப்புத் தண்டுவடத்தின் வட்டுகளிலும் தசைகளிலும் அழுத்தம் கூடும்.

• குனிந்த தலையின் எடையைக் கழுத்தின் பின்தசைகள் நாள் முழுக்கத் தாங்குகின்றன.

• நாடா இழுப்பதும் பலகை அடிப்பதும் ஒரே அசைவு. ஆயிரக்கணக்கான முறை அதே அசைவைச் செய்யும் தோளும் முழங்கையும் ஓய்வு கேட்கும்.

• ஜக்கார்டு பொருத்திய தறியில் மிதிக்க அதிக பலம் வேணும். அந்தக் காலின் முட்டியும் இடுப்பும் பாதிக்கும்.

• குழியில் இறங்கி ஏறுவது முட்டி வலி உள்ளவர்களுக்குத் தனிச் சோதனை.

தறியில் உட்காராதவர்களுக்கும் வலி உண்டு. வீட்டில் தார் சுற்றும் பெண்கள், பாவு பிணைப்பவர்கள் ஆகியோருக்கு மணிக்கட்டு, கட்டைவிரல், தோள்பட்டை வலி வரும். அந்த வேலையோடு சமையல், தண்ணீர் தூக்குவது எல்லாம் சேரும்.

இது ஆரணிப் பிரச்னை மட்டும் இல்லை. 2020-ல் உலகம் முழுக்கச் சுமார் 61.9 கோடி பேர் இடுப்பு வலியோடு இருந்ததாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. மனிதர்களை வேலை செய்ய முடியாமல் முடக்கும் காரணங்களில் உலக அளவில் முதலிடத்தில் இருப்பது இடுப்பு வலிதான்.

இந்த அறிகுறிகள் இருந்தால் பெயின் கிளினிக்குக்குக் காத்திருக்க வேண்டாம்

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகணும்:

• சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது சிறுநீர், மலம் தன்னை அறியாமல் போவது

• உட்காரும் இடம், தொடை இடுக்கு, பிறப்புறுப்புப் பகுதியில் உணர்ச்சி இல்லாமல் மரத்துப்போவது

• கால் அல்லது கை திடீரென்று பலம் இழப்பது

• கீழே விழுந்த பிறகோ விபத்துக்குப் பிறகோ வந்த கடுமையான முதுகு வலி

• நெஞ்சில் அழுத்தம், இடது தோள், கை, தாடை வலி, கூடவே வியர்வை. இது மாரடைப்பாக இருக்கலாம். "தறி அடிச்ச வலி" என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே 108.

முதுகு வலியோடு மாலை நேரக் காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, ராத்திரி படுத்தாலும் குறையாத வலி இருந்தால் சீக்கிரமே டாக்டரைப் பார்க்கணும். நம் நாட்டில் முதுகெலும்பில் காசநோய் வருவது அபூர்வம் இல்லை. ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர்களும் புதிய முதுகு வலியைத் தள்ளிப்போடக் கூடாது.

எங்கே போவது?

முதல் படி உள்ளூர்தான். ஆரணி அரசு மருத்துவமனையிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டி, பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டால் அடுத்த இடத்தில் அலைச்சல் குறையும். சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

அடுத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகும் வழியில் அடுக்கம்பாறையில் ஒன்று இருக்கிறது. இன்னொன்று மாவட்டத் தலைநகர் திருவண்ணாமலையில். இங்கே போகிறவர்கள் பதிவு கவுண்டரில், "நாள்பட்ட வலிக்குத் தனி ஓபி எந்தக் கிழமை?" என்று கேட்கலாம். தனி ஓபி இல்லாவிட்டால் எலும்பியல், மயக்கவியல், உடலியக்க மருத்துவம் ஆகியவற்றில் எந்தத் துறைக்குப் போகணும் என்று சொல்வார்கள்.

சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள வேலூர் சிஎம்சியில் வலிக்கென்று கிளினிக் உண்டு. உடல் மறுவாழ்வுத் துறையில் சிஎம்சிக்கு நீண்ட வரலாறும் இருக்கிறது. விபத்தில் தன் கால்களின் இயக்கத்தை இழந்த பிறகும் சக்கர நாற்காலியில் இருந்தபடி டாக்டராகப் பணியாற்றிய மேரி வர்கீஸ், 1966-ல் அங்கே மறுவாழ்வு மையத்தை உருவாக்கினார்.

நடக்கவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கிய இந்தத் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதி சுகாதாரப் பணியாளரிடம் சொன்னால் பதிவு செய்வார். அரசு மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கானது. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான் இது பொருந்தும். அதனால் டாக்டர் ஏதாவது ஊசி சிகிச்சை அல்லது ஆபரேஷன் சொன்னால், "ஆம்" சொல்வதற்கு முன்னால் மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில் விசாரித்துவிடுங்க.

கையில் என்ன கொண்டு போகணும்?

ஒரு துணிப்பையில் இவற்றைப் போட்டு முந்தைய நாள் ராத்திரியே எடுத்து வைத்துவிடுங்க:

• பழைய சீட்டுகள், எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனை முடிவுகள். ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் போதாது, படமும் வேணும்.

• இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும். சர்க்கரை, பிபி, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, தைராய்டு என எல்லாமே.

• மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய வலி மாத்திரைகள், காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுத்த மாத்திரைகள், நாட்டு மருந்து, லேகியம், எண்ணெய். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அப்படியே எடுத்துப் போங்க.

• ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை. நெசவாளர் அடையாள அட்டை இருந்தால் அதுவும்.

• நீங்கள் தறியில் உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு நிமிட வீடியோ. பக்கவாட்டில் இருந்து செல்போனில் எடுத்தால் போதும். தறி எப்படி என்று வாயால் விளக்குவதை விட இது வேகமாகப் புரியும்.

உடை தளர்வாக இருக்கட்டும். இடுப்பு, முட்டி, தோள் எல்லாம் பார்த்துச் சோதிப்பார்கள். பெண்கள் கூட ஒருவரை அழைத்துப் போகலாம். பெண் பணியாளர் உடன் இருக்கணும் என்று தயங்காமல் கேட்கலாம். முதல் நாள் வெறும் வயிற்றில் போக வேண்டிய தேவை பொதுவாக இல்லை. சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரைகளைப் போட்டுக்கொண்டே போங்க. பதிவு, டோக்கன், காத்திருப்பு என்று பாதி நாளுக்கு மேல் ஆகலாம்.

டாக்டர் என்னென்ன கேட்பார்?

முதல் சந்திப்பில் பெரும்பாலான நேரம் பேச்சுதான். கேள்விகள் நிறைய இருக்கும். "வலிக்குது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பாதி விஷயம் தெரியாமல் போய்விடும்.

எங்கே வலிக்கிறது, எங்கே பரவுகிறது? விரலால் தொட்டுக் காட்டுங்க. இடுப்பில் தொடங்கி பிட்டம், தொடை, கெண்டைக்கால் என்று இறங்கினால் அதை வரிசையாகச் சொல்லுங்க. சில இடங்களில் உடம்பின் படம் வரைந்த தாளைக் கொடுத்து வலிக்கும் இடத்தில் கோடு போடச் சொல்வார்கள்.

எப்படி வலிக்கிறது? இதற்குத் தமிழிலேயே நல்ல சொற்கள் இருக்கின்றன. குத்துது, குடையுது, இழுக்குது, எரியுது, கடுக்குது, சுருக்சுருக்குன்னு இருக்குது, மரத்துப்போகுது, எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது. இந்த வித்தியாசம் சிகிச்சையையே மாற்றும். எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற வலி, மதமதப்பு ஆகியவை நரம்பு வலியைக் காட்டலாம். கடுப்பும் இறுக்கமும் தசை, மூட்டு வலியாக இருக்கலாம்.

0 முதல் 10 வரை எவ்வளவு? 0 என்றால் வலியே இல்லை. 10 என்றால் நினைத்துப் பார்க்கக்கூடிய அதிகபட்ச வலி. இதில் சரி, தப்பு இல்லை. அதிகம் சொன்னால்தான் கவனிப்பார்கள் என்று எல்லாவற்றுக்கும் 10 சொல்ல வேண்டாம். பொறுத்துக்கொள்வது பெருமை என்று குறைத்தும் சொல்ல வேண்டாம். "காலையில 3, தறியில ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தா 7, ராத்திரி 5" என்று பிரித்துச் சொன்னால் மிகவும் உதவும்.

எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது? உட்கார்ந்தாலா, நின்றாலா, இருமினாலா, குழியிலிருந்து எழும்போதா? படுத்தால் குறைகிறதா? காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் உடம்பு விறைப்பாக இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் வாத நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

வலியால் என்ன செய்ய முடியவில்லை? எத்தனை மணி நேரம் உட்கார முடிகிறது? முன்பு ஒரு சேலை எத்தனை நாளில் முடிந்தது, இப்போது எத்தனை நாள் ஆகிறது? டாக்டருக்கு இது நல்ல அளவுகோல். சிகிச்சை பலிக்கிறதா என்று பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க இதே கணக்கு உதவும்.

தூக்கம் எப்படி, மனசு எப்படி? இந்தக் கேள்வி வந்ததும் சிலர் கோபப்படுவார்கள். "வலி இடுப்புல, இவர் மனசைப் பத்திக் கேட்கிறாரே, நடிக்கிறேன்னு நினைக்கிறாரா?" என்று தோன்றும். அப்படி இல்லை. வலியை உணர்வது மூளை. தூக்கம் கெட்டால், கவலை கூடினால் அதே வலி இன்னும் அதிகமாகத் தெரியும். கடன், வாங்கிய அட்வான்ஸ், முகூர்த்தத்துக்குள் முடிக்க வேண்டிய சேலை என்று அழுத்தம் இருந்தால் சொல்லுங்க. அது சிகிச்சைத் திட்டத்தில் சேரும்.

பழக்கங்கள்? மது, புகை, புகையிலை, ஹான்ஸ் எதுவாக இருந்தாலும் மறைக்க வேண்டாம். சில வலி மாத்திரைகள் மதுவோடு சேர்ந்தால் மூச்சையே பாதிக்கும். கர்ப்பமாக இருந்தாலோ, கர்ப்பத்துக்கு முயற்சி செய்தாலோ, பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ அதையும் முதலிலேயே சொல்லிடுங்க.

உடல் பரிசோதனையில் என்ன நடக்கும்?

நடக்கச் சொல்வார். குதிகாலில், விரல் நுனியில் நடக்கச் சொல்வார். குனியவும் பின்னால் சாயவும் சொல்வார். படுக்கவைத்து, முட்டியை மடக்காமல் ஒரு காலை மெதுவாகத் தூக்குவார். அப்போது காலில் வலி மின்னல் மாதிரி இறங்கினால் இடுப்பு நரம்பு அழுத்தப்படுகிறதா என்று சந்தேகிப்பார். சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டுவார். பஞ்சு, குச்சி வைத்து எங்கே உணர்ச்சி குறைவு என்று பார்ப்பார்.

சில அசைவுகளில் வலிக்கும். "நிறுத்துங்க டாக்டர்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பரிசோதனை முடிந்த அன்று சாயங்காலம் வலி கொஞ்சம் கூடியது போல இருக்கலாம். அது தணிந்துவிடும்.

உடனே எம்ஆர்ஐ எடுக்கணுமா?

எல்லோருக்கும் வேண்டாம். "ஸ்கேன் எடுக்காம என்ன வைத்தியம்?" என்று சண்டை போடுபவர்கள் உண்டு. ஆனால் ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகாது. வலியே இல்லாதவர்களின் முதுகு ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஒரு ஆய்வுத் தொகுப்பு 2015-ல் வெளியானது. அதன்படி 20 வயதில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் வட்டு பிதுங்கியிருந்தது. அவர்களுக்கு வலி இல்லை.

அதனால் "டிஸ்க் பிதுங்கியிருக்கு, ஜவ்வு தேஞ்சுபோச்சு" என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் பயந்துவிட வேண்டாம். நரை முடி மாதிரி வயதோடு வரும் மாற்றமாகவும் இருக்கலாம். கால் பலம் குறைவது, மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள், ஊசி சிகிச்சை அல்லது ஆபரேஷனுக்குத் திட்டமிடுவது போன்ற நிலைகளில்தான் எம்ஆர்ஐ முக்கியம். சர்க்கரை, சிறுநீரகம், வைட்டமின், வாதம் தொடர்பான ரத்தப் பரிசோதனைகளைச் சிலருக்குக் கேட்பார்கள்.

முதல் நாளே முதுகில் ஊசி போடுவாங்களா?

பெரும்பாலும் இல்லை. முதல் சந்திப்பு காரணத்தைக் கண்டுபிடித்துத் திட்டம் போடத்தான். ஊசி சிகிச்சை தேவைப்பட்டால் இன்னொரு நாள் குறித்து, என்ன செய்யப் போகிறோம் என்று விளக்கி, கையெழுத்து வாங்கிய பிறகே செய்வார்கள்.

நரம்புக்குப் பக்கத்தில் மருந்து செலுத்துவது, தண்டுவட உறையைச் சுற்றி ஸ்டீராய்டு போடுவது, வலியைக் கடத்தும் மெல்லிய நரம்பை வெப்பத்தால் செயலிழக்கச் செய்வது என்று பல வகை உண்டு. எக்ஸ்-ரே அல்லது அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி ஊசியைச் செலுத்துவார்கள். பலன் சிலருக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். சிலருக்குப் பலனே இல்லாமலும் போகும். வலி குறைந்திருக்கும் அந்தக் காலத்தில் உடற்பயிற்சியைப் பிடித்துக்கொள்வதுதான் முக்கியம்.

இரண்டு பேர் கண்டிப்பாக முன்கூட்டியே சொல்லணும். சர்க்கரை உள்ளவர்கள், ஏனென்றால் ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், ஏனென்றால் ரத்தக் கசிவு ஆபத்து உண்டு. அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. இதய டாக்டரும் வலி டாக்டரும் பேசி முடிவு செய்யணும்.

"மனநோய் மாத்திரை கொடுத்துட்டாங்க" என்று நிறுத்திவிடாதீங்க

வலி நிபுணர் எழுதும் மாத்திரைகளைப் பற்றி இணையத்தில் தேடினால் "மனச்சோர்வுக்கு", "வலிப்புக்கு" என்று வரும். அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின் போன்றவை மனச்சோர்வுக்கும் பயன்படுபவை. கேபாபென்டின், பிரிகாபலின் வலிப்புக்காக வந்தவை. நரம்பு வழியாகப் போகும் வலிச் செய்தியை இவை தணிக்கும் என்பதால்தான் நரம்பு வலிக்குக் கொடுக்கிறார்கள். முழுப் பலன் தெரிய சில வாரம் ஆகலாம். ஆரம்பத்தில் தூக்கக் கலக்கம், தலைச்சுற்றல் இருக்கும். பழகும் வரை பைக் ஓட்டுவது, குழியில் அவசரமாக இறங்குவது வேண்டாம். திடீரென்று நிறுத்தவும் கூடாது.

நிஜமான ஆபத்து நாம் சாதாரணமாக நினைக்கும் வலி மாத்திரைகளில் இருக்கிறது. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் வகைகளை டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்கில் சாப்பிட்டால் வயிற்றில் புண், ரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு வரலாம். பிபியும் ஏறும். சர்க்கரை, பிபி உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தறியிலிருந்து எழக்கூடாது என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் இந்த மாத்திரையும் சாப்பிட்டால் சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. வெவ்வேறு பெயரில் வாங்கும் இரண்டு மாத்திரைகளில் ஒரே மருந்து இருப்பதும் சகஜம்.

பெயர் இல்லாத பொட்டல மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முதலில் பிரமாதமாகக் கேட்கும். நாளடைவில் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். ரொம்ப நாள் சாப்பிட்டவர்கள் அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அதனால்தான் பொட்டலத்தையும் எடுத்துப் போகச் சொல்கிறோம்.

ட்ரமடால் போன்ற மாத்திரைகளுக்கு உடல் பழகிவிடும் அபாயம் உண்டு. 2018 ஏப்ரலில் மத்திய அரசு இதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வந்தது. சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கக் கூடாது. டாக்டர் எழுதிய அளவை மீறவும் கூடாது.

"தறியை விட்டுடுங்க" என்று சொன்னால்?

பல நெசவாளர்கள் டாக்டரிடம் போகத் தயங்குவதற்கு உண்மைக் காரணம் இதுதான். தறி நின்றால் வருமானம் நிற்கும். இந்தப் பயத்தை டாக்டரிடமே நேராகச் சொல்லிவிடணும்: "சார், வேலையை விட முடியாது. வேலை செஞ்சுக்கிட்டே எப்படிச் சரி பண்றதுன்னு சொல்லுங்க."

நாள்பட்ட இடுப்பு வலிக்கு முழுநேரப் படுக்கை ஓய்வு நல்லதில்லை. அசைவுதான் மருந்து. உலக சுகாதார அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் உடற்பயிற்சியையும், வலியைப் பற்றிப் புரியவைப்பதையும் பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட், இழுவை சிகிச்சை ஆகியவற்றை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. பெல்ட்டை நம்பி ஆண்டுக்கணக்கில் கட்டிக்கொண்டிருப்பவர்கள் டாக்டரிடம் இதைப் பேசிப் பார்க்கலாம்.

தறியிலேயே செய்யக்கூடிய மாற்றங்கள்:

• அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடப்பது, முதுகைப் பின்னால் வளைப்பது. செல்போனில் அலாரம் வைக்கலாம்.

• உட்காரும் பலகையின் உயரத்தை மாற்றுவது, மேலே தடிமனான விரிப்பு போடுவது. இடுப்பு முட்டியை விடக் கொஞ்சம் உயரமாக இருந்தால் முதுகு வளைவது குறையும்.

• பாவின் மேல் நல்ல வெளிச்சம். வெளிச்சம் குறைந்தால் தலை இன்னும் குனியும்.

• குழியில் இறங்க ஒரு படி, பிடிக்க ஒரு கட்டை.

ஜக்கார்டு மிதிக்கும் பாரத்தைக் குறைக்க மோட்டார் பொருத்தும் வசதி வந்துவிட்டது. தறிகளை மேம்படுத்த மத்திய அரசின் 'ஹத்கர்கா சம்வர்தன் சஹாயதா' திட்டம் 2016-ல் தொடங்கியது. கருவி விலையில் 90 சதவீதத்தை அரசு ஏற்கும் திட்டம் இது. உங்கள் கூட்டுறவு சங்கத்திலோ கைத்தறித் துறை அலுவலகத்திலோ இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேளுங்க. "மிதி பாரத்தைக் குறைக்கணும்" என்று டாக்டர் சீட்டில் எழுதித் தந்தால் அதையும் காட்டலாம்.

நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

இவற்றைத் தாளில் எழுதி எடுத்துப் போங்க. உள்ளே போனதும் மறந்துவிடும்.

1. என் வலிக்கு என்ன காரணம் என்று நினைக்கிறீங்க? தசையா, மூட்டா, நரம்பா?

2. இந்த மாத்திரையை எத்தனை நாள் சாப்பிடணும்? எப்போது நிறுத்தணும்?

3. என் சர்க்கரை, பிபி, சிறுநீரகத்துக்கு இது ஒத்துக்குமா?

4. ஊசி அல்லது ஆபரேஷன் என்றால், செய்யாவிட்டால் என்ன ஆகும்? வேறு வழி இருக்கா?

5. எந்த உடற்பயிற்சி, ஒரு நாளைக்கு எத்தனை முறை? ஒருமுறை செய்து காட்ட முடியுமா?

6. எந்த அறிகுறி வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே வரணும்?

எவ்வளவு நாளில் சரியாகும்?

பத்து வருஷ வலி ஒரே நாளில் போகாது. "முழுசா குணமாக்கிடறேன்" என்று முதல் நாளே உறுதி கொடுக்கும் இடத்தில் கொஞ்சம் யோசிக்கணும். நல்ல வலி நிபுணர் சின்ன இலக்கு வைப்பார். ஒரு மணி நேரம் உட்கார முடிந்தவர் இரண்டு மணி நேரம் உட்காரணும். ராத்திரி மூன்று முறை விழித்தவர் ஒரு முறை மட்டும் விழிக்கணும். வலி 8-லிருந்து 4-க்கு இறங்கினாலே அது வெற்றி.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சின்ன நோட்டு போடுங்க. தேதி, வலி எண், எத்தனை மணி நேரம் தறியில் இருந்தீங்க, என்ன மாத்திரை, எவ்வளவு தூக்கம். தினமும் ஒரு வரி போதும். கூலிக்கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்திலேயே எழுதலாம். இரண்டாவது முறை போகும்போது அந்த நோட்டைக் கொடுத்தால், மருந்தைக் கூட்டணுமா, குறைக்கணுமா, மாற்றணுமா என்று டாக்டர் அதைப் பார்த்தே முடிவு செய்வார்.

வலி குறைந்துவிட்டது என்று இரண்டாவது முறை போகாமல் விட்டுவிடுபவர்கள் அதிகம். சில மாதத்தில் அதே வலியோடு அதே மெடிக்கல் ஷாப்புக்குத் திரும்புவார்கள். அடுத்த தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, அன்றைக்குக் கண்டிப்பாகப் போய் வாங்க.

(இது பொதுவான தகவல் மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற சிகிச்சையை டாக்டரிடம் நேரில் கேட்டே முடிவு செய்யவும்.)